இரண்டு வாளித் தண்ணீர்

“ரெண்டாந்தேதிக்குள்ள ஆயிடுமா ஆவாதா, அத மட்டும் சொல்லுங்க.”

“ஆயிடும்லா.”

“போன தீவாளிக்கும் இதேதான் சொன்னீங்க.”

“போன தீவாளிக்கு எஞ்சினு சங்கிலியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப உள்ள ஏறி உக்காந்துடுச்சுல்ல. சத்தம் கேக்குதா இல்லியா?”

“சத்தம் மூணு மாசமா கேக்குது. சத்தத்துல ஏறி நா பள்ளிக்கூடம் போவ முடியாது.”

ஐயாவு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவன் மனைவி தங்கமணி இந்த இரண்டு வருடமாகப் பெரும்பாலும் அந்தக் கால்களோடுதான் பேசி வந்தாள். கட்டைவிரல் அசைந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறான். அசையாவிட்டால் கேட்காத மாதிரி கிடக்கிறான். இப்போது அசையவில்லை.

“அந்த அர இஞ்சு ஸ்பேனர எடு.”

தேடாமல் எடுத்து, நீட்டிய கையில் வைத்தாள்.

“பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் ஏழு வாரம் கெடக்கு,” என்றது அடியிலிருந்து குரல். “துரு எடுக்கணும், பள்ளத்துல பூட்டி போடணும், பெயிண்டு அடிக்கணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னு நீங்க சொல்றப்பதான் எனக்கு பயமா இருக்கு.”

1985 நவம்பர். அந்த வருடம் மழை கூடுதல். கோல சிலாங்கூர் பட்டணத்திலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தள்ளி, சதுப்பில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய மலிவு வீட்டுக் குடியிருப்பு அது, தாமான் என்பார்கள். மழை விட்டால் கடல் பக்கமிருந்து உப்பும் சேறும் கலந்த வாடை வரும். காற்று திரும்பினால் செம்பனை ஆலையின் எண்ணெய் வாடை. குடியிருந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்து லயத்தை விட்டு வந்தவர்கள். வந்த வருடமே எல்லாரும் வீட்டு முன்னால் தகரம் இறக்கி மோட்டர் சைக்கிள் நிறுத்த இடம் செய்தார்கள். ஐயாவு மட்டும் அந்தத் தகரத்தை வேலி வரைக்கும் இழுத்து, இரண்டு பக்கமும் பலகை அடைத்து, தரைக்குச் சிமெந்து பூசி, அதற்குக் கராஜ் என்று பெயர் வைத்தான்.

உள்ளே நின்றது 1959-ஆம் வருடத்து மோரிஸ் மைனர். ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணியின் கார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனபோது, குவார்ட்டர்ஸ் பின்னால் எட்டு வருடம் மழையில் கிடந்ததை, “எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போ” என்று ஐயாவுக்குக் கொடுத்துவிட்டார். தோட்டத்து லோரியில் ஏற்றி வந்து இறக்கியபோது, பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு உடும்புக் குட்டி குதித்து ஓடியது. பக்கத்து வீட்டுத் தாயம்மா அன்று போட்ட சத்தத்தைத் தாமானில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஐயாவு அந்தத் தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டர். விடிவதற்கு முன்னே மோட்டரில் கிளம்பி, ஆறு மணிக்கெல்லாம் ஆலையில் நிற்பான். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பான். பிறகு எந்த இடத்தில் கோளாறு என்று சொல்வான், சரியாக இருக்கும். மோரிஸையும் அப்படித்தான் எடுத்தான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, திருகுகளைப் பால் டின்களில் பிரித்துப் போட்டு, டின் மேல் சாக்கட்டியால் எழுதி வைத்தான். இரண்டு வருடத்தில் ஒரு திருகு தொலையவில்லை. அவனுக்கு அது பெரிய பெருமை. இரண்டு வருடம் ஆனதும் அதனால்தான்.

அவனுக்கு வசப்படாத ஒன்று இருந்தது. கார் லைசன். முந்தின வருடம் அவனும் தங்கமணியும் சேர்ந்துதான் கிள்ளானுக்குப் போய்ப் பழகினார்கள். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பிக் காட்ட வேண்டும். ஐயாவுக்கு உருண்டது. இரண்டாவது தடவையும் உருண்டது. மூன்றாவது தடவைக்கு ஆலையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டான். தங்கமணி முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். அதைப் பற்றி அவள் வெளியில் யாரிடமும் பேசியதில்லை. லைசனை பிளாஸ்டிக் பையில் சுற்றி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

தாமானுக்கு வருவதற்கு முன் அவள் ஏழு வருடம் தோட்டத்துப் பால் ஸ்டோரில் இருந்தவள். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, அளந்து ஆசிட் கலந்து உறைய வைக்கும் வேலை. முன்கையில் ஆசிட் தெறித்த இடங்கள் இன்றைக்கும் வெள்ளைப் புள்ளிகளாக இருக்கின்றன. மகள் கிள்ளானில் விடுதிக்குப் போன பிறகு, சனிக்கிழமைதோறும் போய்ப் பாலர் பள்ளிப் பயிற்சி முடித்தாள். தஞ்சோங் காராங் பக்கம், உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. சனவரி இரண்டாம் தேதி வரச் சொன்னார்கள். பஸ் பெரிய சடக்கோடு, தார் ரோட்டோடு, நின்றுவிடும். அங்கிருந்து செம்பனைக் காட்டுக்குள் ஐந்து மைல் செம்மண் பாதை. ஏழரைக்குப் பள்ளி தொடங்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து நடந்தாலும் ஒன்பதாகிவிடும்.

கார் இருந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அந்த வீட்டில் இது இரண்டு பேருக்கும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் கோப்பிக்கடையில் பெர்னாட் கேட்டான்:

“மச்சான், மோரிஸுக்குப் பின் சீட்டு நல்லா மெத்துனு போட்டிருக்கியா?”

“ஏன்?”

“நீ உக்காரப் போற எடமாச்சேன்னு கேட்டேன்.”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தமிழ் தெரியாத கடைக்காரச் சீனத் தௌக்கேயும் சேர்ந்து சிரித்தார்.

“முன்னால உக்காந்தா என்னவாம்?” என்றான் ஐயாவு. அவனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

“முன்னால உக்காந்தா மேடு வரும்போது பயமா இருக்கும்லா.”

பெர்னாட் பட்டணத்தில் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். தோட்டத்தில் ஒரே வரிசை லயத்தில் வளர்ந்தவர்கள் இருவரும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்விட்டு, தன் வேனில் காம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். வேலைக்குக் கூலி வேண்டாம், தங்கச்சி கையால் ஒரு கெராங் சிப்பிப் பிரட்டல் போதும் என்றிருந்தான்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. ஐயாவு சோஸ் போத்தலில் பால் ஸ்டோர் ஆசிட்டைக் கொண்டுவந்திருந்தான். தோட்டத்து ஆட்களுக்கு அந்த ஆசிட் எல்லாவற்றுக்கும் மருந்து. கறை எடுக்க, பாசி போக்க, மரு கரைக்க, கத்தித் துரு நீக்க. தண்ணீரில் கலந்து, தேங்காய் நார் பிரஷ்ஷால் கதவு, தரைத்தகடு, மட்கார்டின் உள்பக்கம் என்று துரு பிடித்த இடமெல்லாம் பூசினான். மூக்கை அறுக்கும் நெடி எழுந்தது. பழுப்புத் துரு கரைந்து, கீழே தகடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

அதன் குணமும் அவனுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் சோடாமாவு கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் தங்கின இடத்தில் இருந்துகொண்டு தின்னும். மேலே எதைப் பூசினாலும் அடியில் தின்றுகொண்டே இருக்கும்.

தங்கமணி இரண்டு வாளிகளைத் தூக்கி வந்து வைத்தாள்.

“சோடா கரைச்சாச்சு. இடுக்குலயெல்லாம் ஊத்துங்க. கதவுக்கு அடி மடிப்புல நிக்கும் அது.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும். சொன்னேன்.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்து கெராங்கைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். சிப்பிகள் சட்டியில் கலகலத்தன. அன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருந்தது.

“நா ஒன்னு நெனச்சேன்,” என்றாள். “காலையில அஞ்சரைக்குக் கெளம்புனா ஏழாங்கட்ட வழியாவே போயிடலாம். ஒங்கள ஆல கேட்டுல எறக்கி வுட்டுட்டு நா அப்படியே பள்ளிக்கூடம் போயிடுறேன். இந்த மழயில எதுக்கு மோட்டர்ல நனைஞ்சுக்கிட்டு?”

“கேட்டு வரைக்குமா?”

“கேட்டு வரைக்கும்தான். உள்ளாற வுடமாட்டாங்கல்ல. சாயங்காலம் பஸ்ஸுல வந்துடுங்க. இல்லன்னா நா வந்து ஏத்திக்கிறேன்.”

சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐயாவு அந்த கேட்டை நினைத்தான். ஆறு மணிக்குப் பெரட்டு, ஆட்களைப் பேர் கூப்பிடும் நேரம். வேலை வாங்கும் மண்டோர் நிற்பார், ஆலை ஆட்கள் எல்லாரும் நிற்பார்கள், புதிதாக வந்த சின்னப் பையன்களும் நிற்பார்கள். பச்சை மோரிஸ் வந்து நிற்கும். இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவன் சோற்றுப் பாத்திரத்தோடு இறங்குவான். அவள் கியர் போட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவாள். எல்லார் கண்ணும் காரைப் பார்க்கும், பிறகு அவனைப் பார்க்கும். இது ஒரு நாள் அல்ல, தினமும்.

ஒரு வாளியைத் தூக்கிக் கதவருகே கொண்டுபோனான். வானம் கடல் பக்கம் இருண்டு வந்தது. இப்போது நனைத்தால் காய ஒரு நாள் ஆகும், பெர்னாட் வந்துவிடுவான், துணியால் அழுத்தித் துடைத்தாலே போதும் என்று மனசு ஒவ்வொரு காரணமாக எடுத்துக் கொடுத்தது. ஆனால் வாளியைச் சாக்கடைப் பக்கம் எதற்குத் திருப்பினான் என்பதற்கு அது ஒரு காரணமும் கொடுக்கவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் சாக்கடையில் இறங்கியது. இரண்டாவது வாளியையும் சாய்த்தான். காலி வாளிகளைக் காரின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்துக் கதவைத் துடைக்கத் தொடங்கினான். ரொம்ப நேரம் துடைத்தான்.

இரண்டு மணிக்குப் பெர்னாட் வந்தான். தகட்டில் விரலை வைத்துப் பார்த்தான்.

“கழுவிட்டியா?”

“வாளியப் பாரு.”

பெர்னாட் வாளியைப் பார்த்தான். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று அண்டர்கோட். அடுத்த ஞாயிறு பெயிண்ட். தங்கமணி எடுத்த நிறம். வாழைக்குருத்து விரியும்போது இருக்குமே, அந்தப் பச்சை. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கி, ஜன்னல் கண்ணாடிகளில் பழைய பேப்பரை ஒட்டி, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, பெர்னாட் நடனம் ஆடுகிறவன் மாதிரி காரைச் சுற்றி வந்தான். தின்னர் வாடை நாலு வீடு தாண்டிப் போயிற்று. தாயம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“என்னாடா பெர்னாட்டு, காருக்கு அடிக்கிறியா, எங்க கறிச்சட்டிக்கு அடிக்கிறியா?”

“ஒங்களுக்கும் ஒரு கோட்டு அடிக்கவா அக்கா? பத்து வயசு கொறைஞ்சுடும்.”

“எனக்கு பூட்டியே நாலு டின் வேணும்டா, நீ போ.”

டிசம்பர் முதல் சனிக்கிழமை, சாலை வரி ரோட்டெக்ஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதிப் போட்டுக் காத்திருந்த நேரம். தாமானுக்குள் ஒரு சுற்று மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று தங்கமணி கேட்டாள். ஐயாவு சாவியைக் கொடுத்தான். பாசாருக்குப் புறப்பட்டு நின்ற தாயம்மா கூடையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மோரிஸ் மெதுவாக வெளியே வந்தது. அதன் சத்தம் கோழி குறுகுறுப்பது போலச் சீராக இருந்தது. மூன்று வரிசை வீடுகளையும் சுற்றிக்கொண்டு திரும்பியபோது தங்கமணி ஒரு கையை ஜன்னலில் வைத்திருந்தாள். உடம்பு தளர்ந்து, நெடுநாள் ஓட்டியவள் போல இருந்தாள். கராஜ் வாசலில் நின்ற ஐயாவு அவளைத் தனக்குத் தெரியாத ஒருத்தியைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றான். அழகாக இருக்கிறாள் என்று நினைத்தான். அதைச் சொல்லியிருக்கலாம். “கிளச்ச அமுக்கிப் புடிக்காத, தேஞ்சுடும்” என்றான்.

பதினைந்தாம் தேதி வாக்கில் கதவின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தன. வேர்க்குரு மாதிரி. மூன்று நாளில் மட்கார்டிலும் ஏறின. நகத்தால் கிள்ளியபோது பச்சைத் தோல் உரிந்து, அடியில் ஈரத் துரு பழுப்பாக ஒட்டியது.

தங்கமணி குனிந்து பார்த்தாள். ஒரு கொப்புளத்தை விரலால் தடவினாள்.

“என்னா இது?” என்றாள்.

“பெர்னாட்டு மழக்காத்துல அடிச்சிட்டான். பெயிண்டு சரியில்ல.”

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். “பெர்னாட் அண்ணனா?”

“பின்ன யாரு? நா அப்பவே சொன்னேன், வெயில் வரட்டும்னு.”

அவன் அப்படிச் சொல்லவேயில்லை. அவள் அதைக் கேட்கவில்லை.

“சரி. பெயிண்டப் பாத்தா பிள்ளைங்க வரப்போவுது. வண்டி ஓடுதுல்ல, இப்படியே எடுத்துக்கிட்டுப் போறேன். லீவுல பாத்துக்கலாம்.”

“பாக்கலாம்,” என்றான்.

அடுத்த ஞாயிறு, பள்ளிக்குக் கட்டிப்போக இரண்டு நூல் சேலை எடுக்க, தங்கமணி தாயம்மாவோடு பட்டணத்துக்குப் போனாள். வெயில் நேரத்தில் திரும்பி வந்தாள். கராஜில் மோரிஸ் கதவில்லாமல் நின்றது. இரண்டு கதவும் சுவரில் சாய்ந்திருந்தன. மட்கார்டுகள் தரையில். ஓட்டுநர் சீட் வெளியே கிடந்தது. சீட் இருந்த இடத்தில் தகட்டை அறுத்து எடுத்திருந்தான். சிமெந்துத் தரை தெரிந்தது. திருகுகள் பால் டின்களில் இருந்தன.

“உள்ள பூரா தின்னுடுச்சு,” என்றான் ஐயாவு. எழுந்து நிற்கவில்லை. “நல்லவேள பாத்தேன். அப்படியே எடுத்துக்கிட்டுப் போயிருந்தா வழியில தகடு வுழுந்திருக்கும்.”

அது உண்மையும்தான். ஓட்டுநர் காலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஒரு தகட்டை வைத்து நாலு ரிவெட் அடித்திருந்தால் அன்று சாயங்காலமே சரியாகியிருக்கும். அதைச் சொல்ல அங்கே வேறு பிட்டர் இல்லை.

“எத்தன நாளாவும்?”

“ரெண்டு மூணு மாசம்.”

தாயம்மாதான் பேசினாள். “அட பாவி, பத்து நாளு இருக்கறப்பவா கழட்டுவ?”

தங்கமணி சேலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சோறு ஆக்கினாள். சாடின் மீன் குழம்பு வைத்தாள். அன்று சாப்பிடும்போது உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றான்.

சனவரி இரண்டாம் தேதி அவள் பஸ்ஸில் போனாள். ஐந்து மைல் நடந்தாள். புதுச் சேலையில் முழங்கால் வரை செம்மண் தெறித்து, ஒன்பது மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தபோது, இருபத்திரண்டு பிள்ளைகள் ஆயாவின் பொறுப்பில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. எட்டு நாள் அப்படிப் போனாள். ஐயாவு மோட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று இரண்டாம் நாள் சொன்னான். “ஒங்களுக்கு ஆறு மணிக்குப் பெரட்டு,” என்றாள். ஒன்பதாம் நாள் தோட்டத்துப் பெற்றோர் சங்கத்தார் மரியாதையாகவே சொன்னார்கள்: நீங்க நல்லா சொல்லிக் குடுக்கிறீங்க டீச்சர், ஆனா ஒன்பது மணிக்கு வந்தா எப்படி, நம்ம தோட்டத்துலயே இந்த வேலைக்குப் புள்ள ஒன்னு இருக்கு.

மார்ச்சில் காப்பார் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கம்பெனி பஸ் தாமான் முச்சந்திக்கே வரும். காலையில் ஐந்தரைக்கு ஏறுவாள். சாயங்காலம் வரும்போது உடம்பில் பால் வாடை வீசும். அதே ரப்பர் பால். குளித்துவிட்டு வந்து சமைப்பாள். கணவனிடம் அவள் எப்போதும் போலவே பேசினாள். கறி வாங்கணும், மகளுக்குக் கட்டணும், கூரையில ஒழுகுது. காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக் கராஜுக்குள் அவள் வருவதில்லை. அவன் காருக்கு அடியில் கிடக்கும்போது அவள் கால்கள் வாசலைக் கடந்து போவதைப் பார்ப்பான்.

ஐயாவு வேலை செய்தான். இந்த முறை ஒழுங்காகச் செய்தான். பெயிண்டை முழுக்கச் சுரண்டி, தகட்டைப் புதிதாகப் போட்டு, சோடாத் தண்ணீரில் ஏழு தடவை கழுவி, வெயிலில் நாள் கணக்காகக் காயவைத்தான். சுரண்டும்போது ஒரு ஞாயிறு பெர்னாட் வந்தான். உரிந்த பெயிண்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான்.

“மச்சான்.”

“ம்.”

“தங்கச்சி என்னப் பாத்து, ஒங்க பெயிண்டு சரியில்லன்னு அவரு சொல்றாருண்ணேன்னு சொன்னுச்சு. நானும் மழக்காத்துதான் போலன்னு நெனச்சேன். பட்டறையில தலைய தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தேன் நாலு நாளு. இருவது வருசமா அடிக்கிறேன்லா.”

ஐயாவு மணல்தாளைத் தண்ணீரில் நனைத்தான்.

“இது கழுவாத வேல,” என்றான் பெர்னாட். “வாளி காலியா இருந்துச்சேடா.”

“இருந்துச்சு.”

பெர்னாட் உரிந்த பெயிண்டைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினான். ஜூலையில் வெயில் காலத்தில் வந்து, அதே வாழைக்குருத்துப் பச்சையை அடித்துக் கொடுத்தான். முதல் முறையை விட நன்றாக அடித்தான். தாயம்மா எட்டிப் பார்த்தபோது பேச்சுக் கொடுக்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டான். சாப்பிட இருக்கச் சொன்னதற்கு வீட்டில் ஆள் வருகிறார்கள் என்று சொல்லி, காம்ப்ரசரை வேனில் ஏற்றிக்கொண்டு போனான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி இருக்கும். ரோட்டெக்ஸ் ஒட்டியாயிற்று. ஐயாவு மோரிஸைத் தள்ளி வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தான். குரோம் பட்டைகள் கண்ணைக் கூசவைத்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கமணி வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அவன் வந்து, சாவியை அவள் பக்கத்தில் படியில் வைத்தான்.

“முடிஞ்சுடுச்சு,” என்றான்.

“பாத்தேன். நல்லா வந்திருக்கு.”

“எங்கயாவது போயிட்டு வாயேன். தாயம்மாவக் கூட்டிக்கிட்டு.”

“எங்க போறது?”

அவன் யோசித்தான். “பாசாருக்கு.”

“காலையிலேயே போயிட்டு வந்துட்டேன்.”

“இல்ல, வேலைக்கு. பஸ்ஸுல எதுக்கு? கார எடுத்துக்கிட்டு...”

“கம்பெனி பஸ்ஸு சும்மாதான வருது. அதுல ஏறுனா காப்பார் வரைக்கும் தூங்கிக்கிட்டுப் போவலாம்.” நெத்திலியின் தலையைக் கிள்ளி ஒரு பக்கமும் உடலை ஒரு பக்கமும் போட்டாள். “ஒங்களுக்கு வேணும்னா லைசன் எடுத்துக்குங்க. நல்ல வண்டி.”

அவள் குத்திக்காட்டவில்லை. அவன் உட்கார இடம் பார்ப்பவன் போல நின்றான். பிறகு கீழ்ப்படியில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

“தங்கம், ஒன்னு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அது பெர்னாட்டு பெயிண்டு இல்ல.”

“தெரியும்.”

“அன்னிக்கு நா ஆசிட்ட...”

“கழுவல. தெரியும்லா.”

நெத்திலி கிள்ளும் கை நிற்கவில்லை.

“ஏழு வருசம் பால் ஸ்டோர்ல அந்த ஆசிட்டோடதான நின்னேன். எனக்கு அந்தக் கொப்பளத்தப் பாத்தாத் தெரியாதா? அதுக்கு முன்னாடியே தெரியும். நா உள்ள போயி அடுப்பு பத்தவைக்கிறப்ப ஜன்னல்ல நீங்க தெரிஞ்சீங்க. வாளியத் தூக்குனீங்க. கதவுகிட்ட போனீங்க. சரி ஊத்தப்போறாருன்னு பாத்தேன். திரும்பி வந்து சாக்கடையில ஊத்துனீங்க.”

“பாத்துக்கிட்டா இருந்த?”

“ரெண்டாவது வாளியத் தொட மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

தெருவில் ஐஸ்கிரீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

“அப்பவே வெளிய வந்து சொல்லியிருக்கலாமே, தங்கம். ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா கழுவியிருப்பீங்க. அது நான் கழுவுனதா ஆயிருக்கும். நீங்களா கழுவணும்னு இருந்துச்சு எனக்கு.” முறத்தை லேசாகத் தட்டினாள். “அது தப்புதான். நானே இன்னும் ரெண்டு வாளி கரைச்சு, வந்து ஊத்தியிருக்கலாம். பெர்னாட் அண்ணே வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. சோடாவும் மிச்சம் இருந்துச்சு. ஜன்னல்லயே நின்னுட்டேன். காலையில பஸ்ஸு ஏறுனதும் மொதல்ல அதுதான் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் தூங்கிடுவேன்.”

“எனக்கு கேட்டுல எறங்குறதுக்கு...” என்று தொடங்கினான். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. “ஆறு மணிக்கு எல்லாரும் நிப்பாங்க. அதான். வேற ஒன்னும் இல்ல.”

“கேட்டுக்கு முன்னாடி முக்குல எறக்கி வுட்டிருப்பேனே. சொன்னா போதாதா?”

அவன் தலை குனிந்திருந்தான். அவள் குரல் உயரவில்லை. கோபமோ அழுகையோ இருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். தாயம்மாவிடம் கருவாட்டு விலை பேசுகிற அதே குரலில்தான் பேசினாள். ஒன்பது மாதமாக இந்தக் குரலில்தான் உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் தினமும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறான்.

நெத்திலி முடிந்தது. தங்கமணி தலைகளைத் தாளில் மடித்தாள், பூனைக்கு. படியிலிருந்த சாவியின் மேல் செதில் சிதறியிருந்தது. அதை விரலால் தட்டிவிட்டாள். எடுக்கவில்லை. முறத்தோடு எழுந்தாள்.

ஐயாவு அவள் சேலைத் தலைப்பைப் பிடிக்கக் கையை நீட்டி, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

“தங்கம், உள்ள போவாத. இங்க நின்னு, தெருவே கேக்குற மாதிரி என்னய ஒரு வார்த்த திட்டிட்டுப் போ.”